ஒரே நாள், மூன்று தொட்டில்கள்

டிசம்பர் 11 வந்துவிட்டால் எங்கள் பள்ளியில் ஒரு பையனுக்கு முண்டாசு கட்டி, கண்மையால் மீசை வரைந்து மேடையேற்றிவிடுவார்கள். கறுப்புக் கோட்டு யாராவது ஒருவருடைய அப்பாவுடையது. முழங்கால் வரை தொங்கும். அவன் கழுத்து நரம்பு புடைக்கப் பாடி முடித்ததும் கைதட்டிவிட்டு, மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைவோம். சுவரில் ஔவையார், கம்பர், பாரதியார் என்று வரிசையாகப் படங்கள் தொங்கும். அந்த மூவரும் ஏதோ ஒரே காலத்தில், மிகப் பழைய காலத்தில் வாழ்ந்தவர்கள் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பை உடைத்தது ஒரு தேதி. இயற்பியலைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது மாக்ஸ் போர்ன் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் பிறந்த நாள் கண்ணில் பட்டது: 1882 டிசம்பர் 11. நாளும் மாதமும் மட்டுமல்ல, வருடமும் பாரதியின் வருடம். 1954-ல் நோபல் பரிசு பெற்று, 1970 வரை வாழ்ந்த மனிதர் அவர். பாரதிக்கு ஒரு நாள்கூட இளையவரல்ல, மூத்தவருமல்ல. பிறகு இன்னொருவரும் அகப்பட்டார். நியூயார்க் நகரத்தை மூன்று முறை மேயராக இருந்து ஆண்ட ஃபியோரெல்லோ லா கார்டியா. அவரும் 1882 டிசம்பர் 11.

ஒரே தேதியில் பிறந்த பிரபலங்களின் பட்டியல்கள் நாளிதழ்களில் தினமும் வருகின்றன. இந்த மூவரும் அப்படி ஒரு மூலையில் அடங்குகிறவர்கள் அல்ல. ஒரே நாளில் உலகத்துக்குள் அனுப்பப்பட்டு, ஒரே நூற்றாண்டின் அடிகளை வாங்கியவர்கள். மூன்று பேருடைய வாழ்க்கையையும் வருடம் வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் பாரதியைப் பற்றி நாம் சரியாகக் கணக்குப் போடாத ஒன்று துலங்குகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விடிந்த வரிசை

அன்று பாரதி பிறந்த எட்டயபுரத்தில்தான் முதலில் பொழுது விடிந்தது. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் கழித்து, போர்ன் பிறந்த பிரெஸ்லாவ் நகரத்தில் விடிந்தது. அன்று ஜெர்மனியில் இருந்த அந்த ஊர் இன்று வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் போலந்தில் இருக்கிறது. அதற்கும் ஐந்து மணி நேரம் கழித்து, லா கார்டியா பிறந்த நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் வெளிச்சம் வந்தது. 'ஒரே நாள்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உலகம் முழுமைக்கும் நேரத்துக்கு லண்டனின் கிரீனிச்சை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று வாஷிங்டன் மாநாட்டில் முடிவு செய்ததே 1884-ல்தான். இவர்கள் பிறந்தபோது ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் சூரியன், அதனதன் மணி. இந்திய ரயில்கள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பார்த்து ஓடின. அமெரிக்க ரயில் கம்பெனிகள் பொது நேரத்துக்கு வந்தது மறு வருடம் நவம்பரில்.

எட்டயபுரத்து வீட்டில் அது டிசம்பர் 11-ஆகவும் இருக்கவில்லை. சித்திரபானு வருடம், கார்த்திகை 27, மூல நட்சத்திரம். நம் வீடுகளில் பிறந்தநாள் என்பது மாதமும் நட்சத்திரமும் கூடும் நாள். ஆங்கிலத் தேதியில் வருடா வருடம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஜாதகத்தில் இருந்த அந்தக் கார்த்திகை நாளைத்தான் பிற்பாடு நாம் டிசம்பர் 11-ஆக எழுதிக்கொண்டோம். கிரக நிலை ஒன்றாக இருந்ததால் மூவரும் பெரியவர்களானார்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். புதிய ஆத்திசூடியில் சோதிடத்தை இகழச் சொன்னவர் அந்தக் குழந்தைதான்.

தாயில்லாப் பிள்ளைகள்

என்னை முதலில் உலுக்கியது இவர்களுடைய பெருமை அல்ல, சிறு வயது.

மாக்ஸுக்கு நான்கு வயது நிறைவதற்குள் தாய் மார்கரெத் இறந்துபோனார். சுப்பையா என்று அழைக்கப்பட்ட பாரதிக்கு ஐந்து வயதில் தாய் லட்சுமி அம்மாள் போனார். இரண்டு வீட்டிலும் தந்தை மறுமணம் செய்தார். இரண்டு வீட்டிலும் மாற்றாந்தாய் வழியில் ஒரு தம்பி பிறந்தான். பாரதி பதினைந்து வயதில் தந்தையையும் இழந்தார். போர்ன் பதினேழு வயதில். இத்தனையும் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே கிரமத்தில் நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பிரசவமும் காய்ச்சலும் வீடுகளை எப்படி வெறுமையாக்கின என்பதை நினைத்தால் இதில் அதிசயப்பட எதுவுமில்லை. ஆனாலும் ஒரே நாளில் பிறந்த இரண்டு குழந்தைகள், ஒன்றையொன்று அறியாமல், பூமியின் இரண்டு மூலைகளில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்த அந்த வருடங்கள் என் மனத்தை விட்டுப் போவதில்லை.

தந்தையரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாரதியின் தந்தை சின்னசாமி அய்யர் கணிதத்திலும் இயந்திரங்களிலும் ஈடுபாடு உள்ளவர். எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்தார். அது நொடித்தது. பொருளையும் மனத்தையும் ஒருங்கே இழந்து 1898-ல் இறந்தார். பையன் கணக்குப் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பையனுக்கோ கணக்கு என்றாலே வேம்பு. பிரெஸ்லாவில் குஸ்டாவ் போர்ன் உடற்கூறு ஆராய்ச்சியாளர். அவர் மகன் கணிதத்தைப் பிடித்துக்கொண்டு போய், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹில்பர்ட் என்ற மாபெரும் கணித மேதையின் உதவியாளரானார். சின்னசாமி அய்யர் கனவு கண்ட மகன் அதே நாளில் வேறொரு வீட்டில் பிறந்துவிட்டான் என்று தோன்றும்.

லா கார்டியாவின் தந்தை இத்தாலியிலிருந்து குடியேறி, அமெரிக்க ராணுவத்தில் பேண்டு வாத்தியக் குழுவை நடத்தியவர். தாய் திரியெஸ்தே நகரத்து யூதப் பெண். அரிசோனாவின் ராணுவக் குடியிருப்புகளில் மகன் வளர்ந்தான். அதே 1898-ல் ஸ்பெயினோடு போர் வந்தது. ராணுவத்துக்கு ஒப்பந்தக்காரர்கள் கெட்டுப்போன மாட்டிறைச்சியை விற்றார்கள். அதைத் தின்று நோயில் விழுந்த தந்தை பிறகு தேறவேயில்லை, 1904-ல் இறந்தார். லாபத்துக்காக நஞ்சு விற்கிறவர்கள் மீது லா கார்டியாவுக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த கோபம் அங்கே பிறந்தது. எட்டயபுரத்துப் பஞ்சாலை இடிந்ததைப் பார்த்த பையனுக்குச் சுதேசியம் புத்தகத்தில் படித்த கொள்கையாக மட்டும் இருந்திருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

எல்லை தாண்டியவர்கள்

மூவர் வாழ்க்கையிலும் ஒரு எல்லைக்கோடு வருகிறது. பாரதிக்கு அது 1908-ல் வந்தது. 'இந்தியா' பத்திரிகையின் மீது அரசாங்கத்தின் கை விழுந்ததும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். அப்போது வயது இருபத்தைந்து. பத்து வருடம் அங்கேதான். 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' எல்லாம் ஒற்றர்கள் தெருமுனையில் நின்ற அந்த ஊரில் உருவானவை. 1918 நவம்பரில் வெளியே வந்ததும் கடலூரில் பிடித்துச் சிறையில் வைத்தார்கள்.

போர்னுக்கு ஐம்பது வயதில் வந்தது. 1933 ஏப்ரலில், யூதர் என்ற காரணத்தால், கோட்டிங்கனில் அவருடைய பேராசிரியர் பதவியைப் பறித்தார்கள். குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறி கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். அங்கேயும் நிலையான வேலை இல்லை. அப்போது அவரைக் கூப்பிட்டவர் ஒரு தமிழர்: திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். 1935-36 குளிர்காலத்தில் போர்ன் தம்பதி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் தங்கினார்கள். அவரை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ராமன் பாடுபட்டார். கழகத்துக்குள் எதிர்ப்புக் கிளம்பி, அது நடக்கவில்லை. போர்ன் 1936-ல் எடின்பரோ போனார். குவாண்டம் இயற்பியலைக் கட்டியவர்களில் ஒருவர் நமக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து, தங்க இடமில்லாமல் திரும்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

லா கார்டியா எல்லையின் மறுபக்கத்தில் நின்றவர். இருபதுகளின் தொடக்கத்தில் ஃபியூமே துறைமுகத்தில் அமெரிக்கத் தூதரக வேலை; பிறகு எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளர். கப்பலில் மூட்டைமுடிச்சோடு வந்து இறங்கும் ஏழைகளின் பேச்சை அதிகாரிகளுக்குப் புரிய வைப்பது பகல் வேலை. இரவில் சட்டக் கல்லூரி. இத்தாலியம், இட்டிஷ், ஜெர்மன், குரோவேஷிய மொழி என்று பலவற்றில் அவரால் பேச முடியும். பாரதியும் பல மொழி தெரிந்தவர்தானே. இருவரும் சந்தித்திருந்தால் எந்த மொழியில் பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பேன். பிரெஞ்சாக இருந்திருக்கலாம்.

1921 செப்டம்பர்

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன்.

1921-ல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை பாரதியைத் தள்ளிவிட்டது. அதனால்தான் இறந்தார் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இல்லை, அந்தக் காயத்திலிருந்து எழுந்துவிட்டார். மறுபடி 'சுதேசமித்திரன்' வேலைக்குப் போனார். ஈரோட்டுக் கருங்கல்பாளையத்துக்குப் போய் மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசவும் செய்தார். பிறகு வயிற்று நோய் வந்து படுத்தவர் எழவில்லை. செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்த பிறகு உயிர் பிரிந்தது. பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள் என்பது நம் வழக்கு. நள்ளிரவிலேயே தேதி மாறிவிடும் என்பது ஆங்கில வழக்கு. நினைவு நாள் பதினொன்றா, பன்னிரண்டா என்று இன்றுவரை நடக்கும் பேச்சு இதிலிருந்து வந்ததுதான். பிறந்தநாளைப் போலவே இறந்த நாளும் இரண்டு நாள்காட்டிகளுக்கு நடுவே நிற்கிறது.

வயது முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது நிறைய மூன்று மாதம் இருந்தது.

அந்த மாதம் மற்ற இருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மாக்ஸ் போர்ன் அந்த வருடம்தான் கோட்டிங்கனில் பேராசிரியராகப் பொறுப்பேற்றிருந்தார். நல்ல பெயர் உள்ள இயற்பியலாளர், ஐன்ஸ்டைனின் நண்பர். ஆனால் எதற்காக இன்று அவரை உலகம் நினைக்கிறதோ அந்த வேலை தொடங்கவேயில்லை. லா கார்டியா நியூயார்க் நகரமன்றத் தலைவராக இருந்தார். மேயர் பதவிக்கு அவர் கட்சியே அவரை நிறுத்த மறுத்தது. உட்கட்சித் தேர்தலில் தோற்றார். அந்த ஒரே ஆண்டில் பச்சைக்குழந்தையான மகளையும், நவம்பரில் இளம் மனைவி தேயாவையும் பறிகொடுத்தார். தேயாவைக் கொண்டுபோனது காசநோய். அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக் பிறந்ததும் ஒரு டிசம்பர் 11-ல்தான், 1843-ல். அவர் பெர்லினில் தம் கண்டுபிடிப்பை அறிவித்தது 1882 மார்ச். நம் மூவரும் பிறந்த வருடம். கிருமி தெரிந்துவிட்டது, மருந்து வர இன்னும் அறுபது வருடம் ஆயிற்று. தேயா அந்த இடைவெளியில் பிறந்தவர்.

1921 செப்டம்பரில் மூவரும் இறந்திருந்தால், இன்று உலகம் நினைவு வைத்திருக்கக்கூடியவர் பாரதி ஒருவர்தான். போர்ன் அறிவியல் வரலாற்றில் ஒரு சிறு குறிப்பாகியிருப்பார். லா கார்டியா அதுகூட இல்லை. முப்பத்தெட்டு வயதுக்குள் ஒரு மொழியின் கவிதையை, உரைநடையை, பத்திரிகை நடையை மாற்றிவிட்டுப் போன மனிதரை நாம் முண்டாசுக்குள் அடைத்துவிட்டு, அவர் எவ்வளவு சின்ன வயதுக்காரர் என்பதை மறந்துபோனோம்.

அவர் முடித்துவிட்டுப் போகவும் இல்லை. கடைசிக் காலத்தில் தம் எழுத்துகள் அத்தனையையும் நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும் என்று திட்டம் போட்டு, பண உதவி கேட்டு அறிக்கை அனுப்பினார். அதாவது நான்கு லட்சம் பிரதிகள். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட எளிதாகத் தம் புத்தகங்கள் விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. சவ ஊர்வலத்தில் மிகச் சிலரே நடந்தார்கள்.

மீதி இருந்த வருடங்கள்

மற்ற இருவருக்கும் காலம் இருந்தது. அதை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

1925-ல் தம் இளம் உதவியாளர் ஹைசன்பர்க் கொண்டுவந்த கணக்கைப் பார்த்த போர்ன், அது அணிக் கணிதம் என்று அடையாளம் கண்டார். ஹைசன்பர்க்கோடும் ஜோர்டானோடும் சேர்ந்து குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளம் போட்டார். மறு வருடம், நாற்பத்து மூன்றாம் வயதில், இன்னும் பெரிய அடி எடுத்து வைத்தார். எலெக்ட்ரான் போன்ற நுண்துகள் அடுத்து எங்கே இருக்கும் என்று எந்தச் சமன்பாடும் உறுதியாகச் சொல்லாது. எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டுமே சொல்லும் என்றார். அந்த வாய்ப்பைக் கணக்கிடும் சரியான விதியை, அச்சுப்படி திருத்தும்போது அடிக்குறிப்பாகச் சேர்த்தார். இன்று உலகம் முழுக்கக் கல்லூரிகளில் போர்ன் விதி என்று கற்பிப்பது அந்த அடிக்குறிப்பைத்தான். ஐன்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. கடவுள் தாயம் உருட்டுகிறார் என்று தம்மால் நம்ப முடியாது என்ற பொருளில் அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம் போர்னுக்கு எழுதியதுதான். 1926 டிசம்பர் 4, போர்னின் நாற்பத்து நான்காம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால். நண்பர்கள் இருவரும் கடைசிவரை இதில் ஒத்துப்போகவில்லை. நட்பும் கடைசிவரை அறுந்துபோகவில்லை.

அணுகுண்டு செய்த ஓப்பன்ஹைமர் போர்னிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். போர்ன் அந்த வேலையின் பக்கமே போகவில்லை. 1955-ல் ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் அணு ஆயுதங்களுக்கு எதிராக விடுத்த அறிக்கையில் கையெழுத்திட்ட பதினொரு பேரில் அவர் ஒருவர்.

லா கார்டியா 1934-ல் மேயரானார். ஐந்தடி இரண்டு அங்குல மனிதர். ஊழலில் ஊறிய நகர நிர்வாகத்தை உலுக்கினார். சூதாட்ட இயந்திரங்களைச் சம்மட்டியால் தாமே உடைத்தார். பொருளாதார மந்தத்தில் மக்கள் வேலையற்று நின்ற காலத்தில் பாலங்கள், பூங்காக்கள், விமான நிலையம் என்று கட்டினார். ஹிட்லரை உலகத் தலைவர்கள் பலர் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த 1937-லேயே, நியூயார்க் உலகக் கண்காட்சியில் கொடூரங்களுக்கென ஒரு கூடம் வைத்து ஹிட்லரின் உருவத்தை அங்கே நிறுத்த வேண்டும் என்று மேடையில் பேசினார். ஜெர்மனி கண்டனம் தெரிவித்தது. புடாபெஸ்டில் வாழ்ந்த அவர் சகோதரி ஜெம்மாவைப் பின்னால் நாஜிகள் பிடித்து ராவன்ஸ்ப்ருக் வதைமுகாமில் அடைத்தார்கள். அவர் உயிரோடு மீண்டார், கணவர் மீளவில்லை.

எனக்கு மிகப் பிடித்த லா கார்டியா 1945 ஜூலைக்காரர். பத்திரிகை வினியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் நகரத்தில் நாளிதழ் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சித்திரக்கதைகள் இல்லாமல் குழந்தைகள் ஏங்குவார்களே என்று, வானொலி நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து, படத்தை விவரித்து, குரலை மாற்றி மாற்றி, கதைகளை வாசித்துக் காட்டினார் மேயர். தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை 'இந்தியா' பத்திரிகையில் கொண்டுவந்த, பாப்பாவுக்குப் பாட்டெழுதிய பாரதி இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

64, 72

1946 டிசம்பர் 11. லா கார்டியாவுக்கு அறுபத்து நான்கு வயது. போரில் சிதைந்த நாடுகளுக்கு உணவும் மருந்தும் அனுப்பிய ஐக்கிய நாடுகள் நிவாரண அமைப்பின் தலைவராக இருந்தார். அந்த அமைப்பை மூட வல்லரசுகள் முடிவு செய்துவிட்டன. அதில் மிஞ்சிய பணத்தை வைத்துக் குழந்தைகளுக்காக ஒரு நிதியம் தொடங்க ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது அன்றைய தினம். அதுதான் யுனிசெஃப். அதே நாளில் டெல்லியில், அரசியல் நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத்தைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சுதந்திர நாட்டுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்த சபை அது. சுதந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, வந்துவிட்டதாக ஆடிப் பாடியவருடைய அறுபத்து நான்காம் பிறந்தநாளும் அன்றுதான். எட்டு மாதம் கழித்து, 1947 ஆகஸ்ட் 15 அன்று, பாரதிக்கு அறுபத்து நான்குதான் ஆகியிருக்கும். அதற்கு அடுத்த மாதம், செப்டம்பர் 20-ல், லா கார்டியா புற்றுநோயால் இறந்தார். அந்த வயது வரை பாரதி இருந்திருந்தால் சென்னைக் கடற்கரையில் மூவர்ணக் கொடியைப் பார்த்திருப்பார். எட்டயபுரத்தில் எழுத்தாளர் கல்கி தம் வாசகர்களிடம் நிதி திரட்டிக் கட்டிய மணிமண்டபம் 1947 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஒருவேளை மண்டபமே தேவைப்பட்டிருக்காது. அவரையே பார்க்கப் போயிருப்பார்கள்.

டிசம்பர் 11-க்கு உரியவர்கள் இன்னும் எத்தனையோ பேர். எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸ், ரஷ்யாவின் சோல்செனிட்சின், இந்தித் திரையின் திலீப் குமார், மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்ததும் 2004-ல் இதே தேதியில். கல்கியோடு சேர்ந்து பத்திரிகையைத் தொடங்கிய சதாசிவத்தின் மனைவி அவர். மணிமண்டபம் எழுந்ததில் அந்த வீட்டாரின் உழைப்பும் உண்டு.

1954-ல் நோபல் பரிசு, இருபத்தெட்டு வருடம் காத்திருந்த பிறகு, போர்னுக்கு வந்தது. டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் பதக்கம் வாங்கினார். பரிசு பெற்றவர் ஆற்ற வேண்டிய அறிவியல் உரையை மறுநாள் நிகழ்த்தினார். அன்று அவருக்கு எழுபத்திரண்டாவது பிறந்தநாள். ஹெட்விக் அம்மையாரை மணந்து நாற்பத்தொரு வருடம் ஆகியிருந்தது.

சென்னையில் கல்கி இறந்து ஆறாம் நாள் அது. செல்லம்மா பாரதி அப்போது உயிரோடு இருந்தார். ஏழு வயதில் மாலை மாற்றிக்கொண்டவர், முப்பத்து மூன்று வருடமாகக் கணவரில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். மூன்று வருடம் முன்புதான் திருச்சி வானொலி நிலையத்தில் உட்கார்ந்து, என் கணவர் என்று தொடங்கி, அவரைப் பற்றி ஊருக்குச் சொல்லியிருந்தார்.